பிழைக்காசு எது, குறைக்காசு எது?

 

காசு சேர்க்காத வீடு என்று நம் தோட்டங்களில் ஒன்று உண்டா? பால் டின்னில் சேர்க்கிறோம். மண் உண்டியலில் சேர்க்கிறோம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் சாமிக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் முடிந்து வைக்கிறோம். இப்படிச் சேர்ந்த காசுகளைப் பாயில் கொட்டி எண்ணும்போது, சில வேளைகளில் வேடிக்கையான ஒரு காசு கையில் அகப்படும். ஒன்றில் எழுத்து இரட்டையாகத் தெரியும். ஒன்றில் ஓரம் கடித்தாற்போல் இருக்கும். மற்றொன்றில் ஆண்டே தெரியாது.

அந்தக் காசைக் கண்டதும் நமக்கு ஓர் ஆசை பிறக்கிறது. "இப்படிப்பட்ட காசு உங்கள் வீட்டில் இருந்தால் பத்தாயிரம் வெள்ளி" என்று கைப்பேசியில் வந்த படம் நினைவுக்கு வருகிறது. ஆசைப்படுவதில் குற்றம் இல்லை. ஆனால் அந்த ஆசையை நம்பித்தான் சிலர் பிழைப்பு நடத்துகிறார்கள். ஆகவே, நாணயச்சாலையில் உண்மையாகவே பிழையாகப் பிறந்த காசு எது, சாதாரணக் குறையுள்ள காசு எது என்பதை நம் வீட்டிலேயே பிரித்தறியும் வழியை இன்று பார்ப்போம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நல்ல வெளிச்சமும், ஒரு பூதக்கண்ணாடியும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

முதலில், காசு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்வோம். நம் நாட்டின் முதல் காசுகளைப் பேங்க் நெகாரா 1967ஆம் ஆண்டில் வெளியிட்டது. நாடாளுமன்றக் கட்டடமும் பிறையும் நட்சத்திரமும் பொறித்த அந்தக் காசுகளை நம்மில் பலர் கையாண்டிருக்கிறோம். 1971இல் ஷா ஆலமில் நம் நாட்டுக்கென்று ஒரு நாணயச்சாலை தொடங்கப்பட்டது. 1989இல் செம்பருத்திப் பூ, அதாவது பூங்கா ராயா பொறித்த காசுகள் வந்தன. 2012இல் மூன்றாவது வரிசை வந்தது.

எந்த வரிசையானாலும் செய்யும் முறை ஒன்றுதான். உலோகத் தகட்டிலிருந்து வட்ட வட்டமாக வில்லைகளை வெட்டி எடுக்கிறார்கள். நம் வீட்டில் பிசைந்த மாவைப் பரப்பி, டம்ளரைக் கவிழ்த்து வட்டமாக வெட்டுகிறோமே, அதுபோலத்தான். பிறகு அந்த வில்லையின் ஓரத்தைச் சற்று உயர்த்துகிறார்கள். அடுத்து, கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, சுற்றிலும் ஓர் இரும்பு வளையம் என்று வைத்து, நடுவில் வில்லையை இட்டு, பல டன் அழுத்தத்தில் ஒரே அடி அடிக்கிறார்கள். பூவும் தலையும் அந்த ஓர் அடியில் பதிகின்றன. ஓரத்திலுள்ள வரிகளும் அப்போதுதான் வளையத்தால் பதிகின்றன.

ஆகவே, ஒரு காசில் கோளாறு ஏற்பட மூன்று கட்டங்கள் உண்டு. வில்லையில் ஏற்படலாம். அச்சில் ஏற்படலாம். அடிக்கும்போது ஏற்படலாம். இம்மூன்றும் நாணயச்சாலைக்கு உள்ளே நடப்பவை. நான்காவதாக ஒன்று உண்டு. காசு நாணயச்சாலையை விட்டு வெளியே வந்த பிறகு, லாரிச் சக்கரத்திலும், துணி துவைக்கும் இயந்திரத்திலும், பிள்ளைகளின் கையிலும் அது படும் பாடு. வேடிக்கையான காசு கிடைத்தால், "இது எந்தக் கட்டத்தில் நடந்தது?" என்ற கேள்வியைத்தான் நாம் முதலில் கேட்க வேண்டும்.

அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. மேடா, பள்ளமா என்று பார்ப்பதே அது. ரப்பர் காலத்தில் பால் உறைந்த கட்டியை உருளையில் கொடுத்து ஷீட் இழுத்தவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். உருளையில் பள்ளமாக வெட்டியிருக்கும் அடையாளம், ஷீட்டில் மேடாக எழும். உருளையில் ஒரு கீறல் விழுந்துவிட்டால், அன்று இழுக்கும் ஒவ்வொரு ஷீட்டிலும் அதே இடத்தில் ஒரு மேட்டுக்கோடு தெரியும். காசு அச்சும் அப்படியே. அச்சில் விரிசல் விட்டால், காசில் அது மேடான கோடாக எழும்பும். அச்சின் ஓரம் சிறிது உடைந்து போனால், காசில் அந்த இடத்தில் மேடான திட்டு உண்டாகும். ஆனால் காசின் மேல் ஆணியால் கீறினால் பள்ளம்தான் விழும்.

எனவே, காசிலுள்ள வேண்டாத கோடு மேடாக இருந்தால் அது அச்சிலிருந்து வந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பள்ளமாக இருந்து, பள்ளத்தின் இரு கரையிலும் உலோகம் ஒதுங்கியிருந்தால் அது வெளியே பட்ட அடி. காசைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நிழல் விழும் பக்கம் மாறும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள்.

சரி, நாணயச்சாலையிலிருந்தே வந்த கோளாறு என்றால் உடனே விலைமதிப்புள்ளது ஆகிவிடுமா? ஆகாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நாணயச்சாலையிலிருந்தே வரும் சாதாரணக் குறைகள் ஏராளம். ஓர் அச்சு இலட்சக்கணக்கான காசுகளை அடிக்கிறது. அடிக்க அடிக்க அது தேய்கிறது. தேய்ந்த அச்சில் அடித்த காசில் எழுத்து மழுங்கிப் பருத்துத் தெரியும். இயந்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கு அச்சின் பள்ளத்தில் அடைத்துக்கொண்டால், ஓர் எழுத்தோ ஆண்டின் ஓர் எண்ணோ பதியாமல் போகும். மயிர்க்கோடு போன்ற விரிசல், ஊசிமுனையளவு திட்டு, படம் சற்றே ஒரு பக்கம் தள்ளி நிற்பது, பை பையாகக் கொட்டும்போது காசோடு காசு மோதிய வடு ஆகிய எல்லாம் அன்றாடம் நடப்பவை. இவற்றைக் குறைக்காசு என்று சொல்வோம். கடையில் கொடுத்தால் அதன் மேல் எழுதிய மதிப்புக்குப் போகும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

இரட்டை எழுத்தை மட்டும் தனியே சொல்ல வேண்டும். அடித்து முடிந்த நொடியில் அச்சு சற்று ஆடினால், பதிந்த எழுத்தின் ஓரத்தை அது வழித்துவிடும். அப்போது எழுத்துக்குப் பக்கத்தில் படிக்கட்டுப் போலத் தட்டையான ஒரு நிழல் உண்டாகும். எழுத்து மெலிந்துவிடும். இது சாதாரணக் குறை. கைப்பேசியில் நாம் பார்க்கும் இரட்டை எழுத்துக் காசுகளில் பெரும்பகுதி இந்த வகைதான். உண்மையான இரட்டை அச்சு வேறு. அங்கே அச்சைச் செய்யும்போதே உருவம் இருமுறை, இடம் மாறிப் பதிந்திருக்கும். ஆகையால் காசில் இரண்டு எழுத்தும் முழு உயரத்தோடு, உருண்டு திரண்டு நிற்கும். எழுத்து தடித்துக் காணும். முனைகளில் பிளவு தெரியும்.

இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு அமெரிக்காவின் 1955ஆம் ஆண்டு ஒரு சென்ட் காசு. பிலடெல்பியா நாணயச்சாலையில் ஓர் அச்சு இப்படி இரட்டையாக அமைந்துவிட்டது. அதில் அடித்த காசுகளில் ஏறத்தாழ 20,000 வெளியே போய்விட்டன. ஆண்டும் எழுத்துகளும் பூதக்கண்ணாடி இல்லாமலே இரண்டிரண்டாகத் தெரியும். பூதக்கண்ணாடி வைத்து, கண்ணைச் சுருக்கி, "ஏதோ தெரிகிறாற்போல் இருக்கிறது" என்று சொல்ல வேண்டிய காசுக்கு அந்த மதிப்பு வராது.

இனி, உண்மையான பிழைக்காசுகள் சிலவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, ஓரம் வெட்டுப்பட்ட காசு. தகட்டில் முன்பு வெட்டிய துளையின் மேல் மறுபடியும் வெட்டு விழுந்தால், வில்லையில் பிறைபோல ஒரு துண்டு குறையும். அந்த வில்லையை அடிக்கும்போது, குறையுள்ள இடத்துக்கு நேர் எதிரே உள்ள ஓரமும் சரியாக எழும்பாமல் மங்கிப் போகும். வெட்டுக்கு அருகிலுள்ள எழுத்துகள் வெட்டை நோக்கி இழுபட்டு மெலிந்திருக்கும். அரத்தால் அராவிய காசில் இது இராது. எதிர் ஓரம் நன்றாக இருக்கும். எழுத்து கத்தியால் அறுத்தாற்போல் சட்டென்று முடியும்.

இரண்டாவது, தள்ளி அடித்த காசு. படத்தின் ஒரு பகுதி காசில் இல்லாமல், எதிர்ப்பக்கம் வெறும் உலோகம் பிறைவடிவில் தெரியும். மிகச் சிறிய தள்ளல் சாதாரணம். படத்தின் நல்ல பங்கு போயிருந்தால்தான் பிழைக்காசு.

மூன்றாவது, வளையம் இல்லாமல் அடித்த காசு. தடுப்பு இல்லாததால் உலோகம் பரவி, காசு அகலமாகிவிடும். ஓரத்தில் வரி இராது. ஆனால் படம் முழுமையாக, கூர்மையாக இருக்கும். இரயில் தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய காசும் அகலமாகத்தான் இருக்கும். ஆனால் அதில் படமும் சேர்ந்து நசுங்கியிருக்கும். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, வேறு வில்லையில் அடித்த காசு. 10 காசுக்கு வெட்டிய வில்லை தவறிப்போய் 20 காசு அச்சில் விழுந்தால், 20 காசின் படம் சிறிய வில்லையில் அரைகுறையாகப் பதியும். இதைக் கண்டுபிடிக்கத் தராசு வேண்டும். நம் முதல் இரண்டு வரிசைக் காசுகளில் ஓர் அருமையான கணக்கு இருக்கிறது. 5 காசின் எடை ஏறத்தாழ 1.4 கிராம். 10 காசு 2.8 கிராம். 20 காசு 5.6 கிராம். அதாவது இரண்டு 5 காசுகள் ஒரு 10 காசின் எடை. இரண்டு 10 காசுகள் ஒரு 20 காசின் எடை. ஒரு பென்சிலின் மேல் மர அடிக்கோலை நடுப்படுத்தி வையுங்கள். ஒரு முனையில் சந்தேகமான 20 காசையும் மறுமுனையில் இரண்டு 10 காசுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். கோல் சமமாக நின்றால் அது தனக்குரிய வில்லையில் அடித்த காசுதான். 50 காசு இந்தக் கணக்கில் சேராது. 2012இல் வந்த மூன்றாம் வரிசைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவ்வரிசையில் 20 காசும் 50 காசும் மஞ்சள் நிறத்தில், முந்தியதைவிடச் சிறியனவாக வந்தன. அதுவும் பிழையன்று, புதிய வடிவம்.

ஐந்தாவது, பொருந்தாத இரண்டு அச்சுகள் இணைந்த காசு. 2008ஆம் ஆண்டில் பிரிட்டனில் இது நடந்தது. அதுவரை 20 பென்ஸ் காசில் ஆண்டு, அரசியார் முகம் இல்லாத பக்கத்தில் இருந்தது. புதிய வடிவத்தில் அதை அரசியார் பக்கத்துக்கு மாற்றினார்கள். ஆனால் புதிய பின்பக்க அச்சோடு பழைய முகப்பக்க அச்சைப் பொருத்திவிட்டார்கள். விளைவு, இருபுறமும் ஆண்டே இல்லாத காசு வெளியே வந்தது. செய்தி பரவியதும், ஏலங்களில் ஆயிரக்கணக்கான பவுன் கேட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் அப்போது ஒரு வணிக நிறுவனம் அந்தக் காசுக்குத் தர முன்வந்த விலை 50 பவுன். கேட்கிற விலை வேறு, உண்மையில் கைமாறுகிற விலை வேறு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

ஆறாவது, கண்ணாடிப் பிம்பக் காசு. அடித்த காசு ஒன்று அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வில்லையில் ஒரு பக்கம் சரியான படமும், மறுபக்கம் அதே படம் பள்ளமாகவும் இடம் வலம் மாறியும் பதியும். இது அரிய பிழை. அரியது என்பதாலேயே போலியும் அதிகம். பட்டறைப் பிடிப்பியில் இரண்டு காசுகளைச் சேர்த்து நெருக்கினால் இதே போன்ற பள்ளம் விழும்.

இப்படி ஒரு காசை எங்கள் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கைக்குட்டையில் முடிந்து கொண்டு வந்தாள். அவளுடைய பாட்டி நெடுநாளாக வைத்திருந்த 20 காசு அது. எண்கள் இடம் வலம் மாறி, பள்ளமாகத் தெரிந்தன. கைப்பேசியில் யாரோ ஒருவர், "எட்டாயிரம் வெள்ளி தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் 350 வெள்ளி அனுப்புங்கள்" என்று கேட்டிருக்கிறார். வீட்டில் பாட்டியின் தோட்டை அடகு வைப்பதாகப் பேச்சு. நாம் அந்தக் காசை வகுப்பிலேயே வைத்து, பிள்ளைகளிடமே ஆராயக் கொடுத்தோம். ஒரு பையன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மறுபக்கம் பூ நசுங்கியிருக்கிறதே, சார்" என்றான். இன்னொருத்தி, பள்ளமான எண்களுக்கு அடியில் பழைய படம் மங்கலாக இருப்பதைக் காட்டினாள். நாணயச்சாலையில் நேர்ந்த பிழையானால் மறுபக்கம் கூர்மையாக இருந்திருக்கும்; அடியில் பழைய படமும் இருந்திராது. யாரோ என்றோ நெருக்கிய காசு அது.

"அப்படியானால் இந்தக் காசு பொய்யா, சார்?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள். "பொய் இல்லையம்மா, அது 20 காசுதான். எட்டாயிரம் என்பதுதான் பொய்" என்று சொல்லி அனுப்பினோம். தோடு பாட்டியின் காதிலேயே இருக்கிறது.

நேயர்களே, பிழைக்காசு என்று தவறாக எண்ணப்படுபவை இன்னும் சில உண்டு. நம் 1 காசு 1967இல் வந்தபோது வெண்கலம். 1970களில் செம்பு போர்த்திய எஃகுக்கு மாறியது. ஆகவே ஒரு 1 காசு காந்தத்தில் ஒட்டும், மற்றொன்று ஒட்டாது. இரண்டும் சரியான காசுகளே. எஃகுக் காசின் மேல்தோல் கொப்பளிப்பதும், ஈரம் புகுந்து துருப்பிடிப்பதும் இயல்பு. மஞ்சள் துணியில் முடிந்த காசு நிறம் மாறும். நெருப்பில் விழுந்த காசு கறுக்கும். துணி உலர்த்தும் இயந்திரத்தில் சிக்கிச் சுழன்ற காசின் ஓரம் உருண்டு, எழுத்தை உள்ளே நெருக்கும். இருபுறமும் பூவாக உள்ள காசு, பெரும்பாலும் வித்தைக்காரர்களுக்காக இரண்டு காசுகளைக் குடைந்து பொருத்தியது. ஓரத்தில் இணைப்புக் கோட்டைத் தேடுங்கள்.

கடையில் வாங்க மறுக்கும் காசு எல்லாம் அரிய காசும் அல்ல. 1 வெள்ளிக் காசு 2005ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் முதல் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. 2008ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து கடைக் கணக்குகள் 5 காசுக்கு முழுமையாக்கப்பட்டதால் 1 காசு புழக்கத்திலிருந்து மறைந்தது. இவை சட்டத்தாலும் வழக்கத்தாலும் வந்த மாற்றங்கள். இவற்றுக்கும் பிழைக்கும் தொடர்பில்லை.

அப்படியானால் நல்ல காசு ஒன்று உண்மையாகவே அகப்பட்டால் என்ன செய்வது? நான்கு காரியங்களைச் சொல்கிறோம்.

ஒன்று, அதைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். சாம்பல், பற்பசை, எலுமிச்சை எதுவும் வேண்டாம். காசின் மேல்தோல் போனால் மதிப்பும் போகும். ஓரத்தைப் பிடித்து எடுத்து, காகித உறையில் போட்டு வையுங்கள்.

இரண்டு, அதே மதிப்பும் அதே வரிசையும் உள்ள சாதாரணக் காசு ஒன்றை அருகில் வைத்து ஒப்பிடுங்கள். எழுத்து, ஓரம், எடை, தடிப்பு, பூவுக்குத் தலை நிற்கும் திசை ஆகிய ஐந்தையும் பாருங்கள்.

மூன்று, ஒரே ஆளின் சொல்லைக் கேட்டு விற்காதீர்கள். நாணயம் சேர்ப்பவர்கள் இருவர் மூவரிடம், நேரில், காசை உங்கள் கையைவிட்டுப் போகவிடாமல் காட்டுங்கள். ஏமாற்று இரண்டு பக்கமும் உண்டு. சாதாரணக் காசை ஆயிரம் என்று சொல்லி ஆசை காட்டுபவனும் உண்டு. நல்ல பிழைக்காசை ஐந்து வெள்ளிக்குக் கேட்டு வாங்கிப் போகிறவனும் உண்டு.

நான்கு, விற்பதற்கு முன் உங்களிடமே பணம் கேட்பவரை அன்றே ஒதுக்கிவிடுங்கள். பதிவுக் கட்டணம், வரி, காப்புறுதி, அனுப்பும் செலவு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. காசை வாங்குகிறவர்தான் பணம் தர வேண்டும். விற்கிற நாம் ஏன் தர வேண்டும்? வங்கிக் கணக்கு எண்ணையோ கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணையோ யாருக்கும் சொல்லாதீர்கள்.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். பிள்ளைகளுக்கு இதைப் பழக்க ஒரு காசு போதும். வரும் விடுமுறை நாளில் உண்டியலைப் பாயில் கவிழ்த்து, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுங்கள். மேடா, பள்ளமா என்று கேளுங்கள். அடிக்கோல் தராசு செய்து காட்டுங்கள். பிழைக்காசு கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டாலும், சேர்த்த காசு அத்தனையும் பள்ளிக்கூடத்துப் புத்தகத்துக்கும் சீருடைக்கும் உதவும்.